ஐஸ்பெட்டிக்காரி கொண்டுவந்த ரத்தம்

எங்கள் லேபில், சோதனைக்கு வரும் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்களில் வாங்கிக்கொள்ளும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னைத் திட்ட ஆரம்பிப்பவள் ஐஸ்பெட்டி. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என்னை அவள் 'ஜன்னல்' என்று கூப்பிடுவாள், நான் அவளைப் பெட்டி என்பேன். கணக்குச் சரியாகப் போயிற்று.

நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கிளினிக்குகளில் எடுக்கிற ரத்தத்தை நீல நிறப் பெட்டியில் ஐஸ் பைகளுக்கு நடுவே அடுக்கி எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. இதற்கு முன்னால் ஒரு மீன் கம்பெனியில் வண்டி ஓட்டினாள். ஐஸ் மேல் அவளுக்கு இருக்கும் பக்தி அங்கே பிடித்துக்கொண்டது. "மீன் கெட்டா நாறும், ஊரே சொல்லிடும். ரத்தம் கெட்டா யாருக்குத் தெரியும்? உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதான் பயம்" என்பாள். பொருளுக்கு ஐஸ் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மனிதர்களுக்கு ஐஸ் வைக்க மட்டும் கடைசிவரை தெரியாது. எங்கள் லேப் தலைவரையே ஒருமுறை, "உங்க ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடல, நீங்க என்னத்தைப் படிச்சீங்க?" என்று கேட்டவள்.

எனக்கும் அவளுக்கும் முதல் நாளே தகராறு. அவள் கொடுத்த குழாய்களை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு ஃபோன் பேசிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு அத்தனையையும் திரும்ப எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். "நீ பேசி முடி. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் என்ன செய்ய, நியாயம் அவள் பக்கம். அன்றிலிருந்து அவள் தலை தெரிந்தாலே ஃபோனை வைத்துவிடுவேன்.

பெட்டி காலியாக இருந்தால்கூட அதை வெயிலில் வைக்க மாட்டாள். மரத்தடி, படிக்கட்டுக்கு அடியில், ஒன்றும் இல்லையென்றால் தன் நிழலிலாவது வைத்துக்கொண்டு நிற்பாள். காலிப் பெட்டிக்கு எதற்கு இத்தனை உபசாரம் என்று கேட்டதற்கு, "சூடேறின பெட்டி ஐஸைத் தின்னும்" என்றாள். இப்படியே பெயரெடுத்துவிட்டாள். ஒரு முடிவு கோணல்மாணலாக வந்தால் எங்கள் ஆட்கள் மெஷினைச் சந்தேகப்படுவார்கள், மருந்தைச் சந்தேகப்படுவார்கள், என்னைக்கூடச் சந்தேகப்படுவார்கள். ஐஸ்பெட்டியைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவள் கணவர் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வெட்டித் தருவார். இவள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவர் பேசாமல் இருப்பார். எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார், அதில் எல்லாரும் சிரித்துவிடுவோம். கடைக்குப் பின்னால் பாழடைந்த கொட்டகை ஒன்று. அதன் மண்சுவர் வெடிப்புகளில் மணல் ஈக்கள் குடியிருந்தன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஈ, கடித்தால் கொசுக்கடி மாதிரிதான் இருக்கும். அது உடம்புக்குள் விட்டுப்போகிற ஒட்டுண்ணிதான் கருங்காய்ச்சலைக் கொண்டுவருவது.

அவருக்கு வந்தபோது முதலில் யாருக்கும் புரியவில்லை. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆள் இளைத்துக்கொண்டே போக வயிறு மட்டும் இடதுபக்கம் பெருத்துக்கொண்டு வந்தது. மண்ணீரல் வீங்கியிருந்தது. "சோறே இறங்கல, தொப்பை மட்டும் எப்படி வருது?" என்று இவள் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தாளாம். பிறகு அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். காய்ச்சல் கிளினிக் டாக்டரம்மா ஒரு துளி ரத்தத்தைச் சோதனை அட்டையில் விட்டார், இரண்டு கோடு தெரிந்தது. கருங்காய்ச்சல்தான் என்று ஆயிற்று.

மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். நோய் பரவாயில்லை, மருந்து கொன்றுவிடும் என்கிற நிலைமை. பாட்டில் ஏற ஆரம்பித்தால் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். கம்பளிகளைப் போர்த்தி அதன் மேல் இவள் குறுக்கே படுத்துக்கொள்வாள். ஐஸையே வாழ்க்கையாகக் கொண்டவள் கணவரைச் சூடாக வைத்துக்கொள்ளப் பாடுபட்ட காலம் அது. சிகிச்சை முடிந்தும் வெகுநாள் அவர் கைகளில் ஒரு நடுக்கம் இருந்தது. கண்ணாடி வெட்டுகிறவர் கை நடுங்கினால் பிறகு என்ன இருக்கிறது? கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை அந்தப் பாட்டிலை மாட்டினீங்கன்னா, நான் எழுந்து போய்டுவேன். செத்தாலும் வீட்டுலதான்" என்று டாக்டரம்மாவிடமே சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மெல்ல மெல்லத் தேறினார். சாப்பாடு இறங்கியது, வயிறு வற்றியது, கை நடுக்கம் நின்றது. மறுபடி கண்ணாடி வெட்ட ஆரம்பித்தார். அப்புறம் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. எங்கேயோ ஒரு மருந்துக் கடையில் அந்த அட்டையை வாங்கி, வீட்டில் வைத்து அவர் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறாள். மறுபடி இரண்டு கோடு. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் என் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"நோய் போகவே இல்ல ஜன்னல். அப்படியே இருக்கு."

அவளை உட்கார வைத்து விளக்க வேண்டியதாயிற்று. அந்த அட்டை ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை, ஒட்டுண்ணியோடு சண்டை போட உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிறது. நோய் போன பிறகும் அது ரத்தத்தில் வருஷக்கணக்கில் மிஞ்சியிருக்கும். "திருடன் ஜன்னலை உடைச்சிட்டு உள்ள வந்தான்னு வை. அவன் ஓடிப்போன பிறகும் ஜன்னல் உடைஞ்சுதான் கிடக்கும். உடைஞ்ச ஜன்னலைப் பார்த்து அவன் இன்னும் உள்ள இருக்கானா இல்லையான்னு எப்படிச் சொல்லுவ?" என்றேன்.

அன்றைக்கு ஸ்கூட்டரில் பின்னால் அவரும் வந்திருந்தார். "கண்ணாடி மாத்தணும்னா என்னைக் கூப்பிடுங்க" என்றார். அவள்கூடச் சிரித்துவிட்டாள்.

திருடன் உள்ளே இருக்கிறானா என்று பார்க்க வேறு வழி வேண்டும். அந்த வருஷம் எங்கள் லேபில் அப்படி ஒரு புதிய சோதனையைப் பழக ஆரம்பித்திருந்தோம். கிளினிக்கில் எடுத்த ரத்தத்தை இங்கே மூன்று குழாய்களில் பிரிப்போம். ஒன்றில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் செத்த ஒட்டுண்ணியின் துணுக்குகள். மூன்றாவதில் எப்பேர்ப்பட்ட வெள்ளை அணுவையும் உசுப்பிவிடும் ஒரு மருந்து. மூன்றையும் உடம்புச் சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுநாள் பார்ப்போம். நோயை வென்ற உடம்பாக இருந்தால், இரண்டாவது குழாயில் இருக்கும் வெள்ளை அணுக்கள் பழைய எதிரியை அடையாளம் கண்டுகொண்டு ஒரு புரதத்தை வெளியே விடும். அந்தப் புரதத்தைத்தான் அளப்போம். எங்கள் பேச்சில் அதற்கு 'கத்துவது' என்று பெயர். நோய் முற்றியிருக்கும்போது அவை கத்தாது, வாயடைத்துப் போய்க் கிடக்கும்.

கத்த வேண்டுமென்றால் அணுக்கள் உயிரோடு, விழிப்போடு வந்து சேர வேண்டும். ஆகவே இந்த ரத்தத்துக்கு மட்டும் ஐஸ் கூடாது என்று சொன்னோம். ஐஸ்பெட்டிக்கு இதைச் சொல்லப் பட்ட பாடு இருக்கிறதே!

"ஐஸ் இல்லாம ரத்தமா? நான் என்ன இதுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு வரணுமா?"

"பாடிக்கிட்டே வா. ஐஸ் மட்டும் வைக்காத" என்றேன்.

முணுமுணுத்தாளே தவிர, சொன்னபடி செய்தாள். ஒரு துணிப்பை தைத்துக்கொண்டாள். மற்ற ரத்தமெல்லாம் பெட்டியில் வரும், இந்தச் சோதனைக்கான குழாய் மட்டும் துணிப்பையில் அவள் மார்புக்குக் குறுக்கே தொங்கும். ஜன்னலில் கொடுக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வேண்டாத விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி இருக்கும். ஆனால் ஒரு குழாய்கூடக் கெட்டதில்லை.

இப்படி இருக்கும்போது அவள் கணவருக்குச் சாயங்காலங்களில் லேசாக உடம்பு சுட ஆரம்பித்தது. டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது என்றார். சாதாரணச் சளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், கருங்காய்ச்சல் திரும்பி வந்ததாகவும் இருக்கலாம். புதிய சோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார். கொண்டுவந்தது வேறு யார்?

அன்று நல்ல வெயில். அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். என்னைத் திட்டவில்லை, அதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. துணிப்பையிலிருந்து குழாயை எடுத்து முந்தானையால் நன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். பையின் ஓரம் ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்துக்கொண்டேன், நானே மின்விசிறிக்கடியில் வேர்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"வழியில எல்லாம் சரியா இருந்துச்சா?" என்றேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

"என்னைக்குச் சரியில்லாம இருந்துச்சு?" என்றாள்.

மறுநாள் பார்த்தால் மூன்று குழாய்களும் மௌனம். இரண்டாவது மட்டும் கத்தாவிட்டால் நோய் இருக்கிறது என்று அர்த்தம். எதையும் உசுப்பிவிடும் மூன்றாவதுமே முனகலோடு நின்றுவிட்டது. முடிவை எடுத்துக்கொண்டு என்னையும் கிளினிக்குக்கு வரச் சொன்னார் டாக்டரம்மா.

சின்ன அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அவருக்குப் பக்கத்தில் அவள், கதவோரம் நான். டாக்டரம்மா எதையும் மூடி மறைக்காமல் சொல்லுகிறவர்.

"இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, ரத்தம் வர்ற வழியில கெட்டிருக்கணும். இல்லன்னா நோய் திரும்ப வந்து, உடம்போட எதிர்ப்பு சக்தியை மொத்தமா அமுக்கி வச்சிருக்கணும்." என்னைப் பார்த்தார். "ரத்தம் எப்படி வந்துச்சு?"

"நல்லா வந்துச்சு டாக்டர். ஐஸ்பெட்டி கொண்டுவந்தது, அதுல குறை இருக்காது" என்றேன். பெருமையாகவே சொன்னேன். அவளுக்கு ஒரு நல்ல பெயர் வாங்கித் தருகிறேன் என்று நினைப்பு.

டாக்டரம்மா தலையாட்டினார். "எனக்கும் அதுல சந்தேகம் இல்ல. அப்படின்னா இது உடம்புலதான். இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்ப்போம். ஒட்டுண்ணி இருந்துச்சுன்னா மறுபடி டிரிப்ஸ்தான். வேற வழி இல்ல."

அவர் மேஜை மேல் இருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவை மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தன என்பதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"போலாம் வா. ரொம்ப நன்றி டாக்டர். நான் அப்பவே சொன்னேன் இல்ல, எனக்கு வேண்டாம்."

"உக்காருங்க" என்றாள் அவள்.

"விடு. வீட்டுக்குப் போலாம்."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல!" அந்தக் குரலை மீன் கம்பெனியில் பழகியிருக்க வேண்டும், அறை அதிர்ந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மாகூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் எங்கள் யாரையும் பார்க்காமல் மேஜைக் காலைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் ஐஸ் வச்சேன்."

 வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

"பைப் போடறதுக்கு ரோட்டைத் தோண்டி வச்சிருந்தாங்க. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. தலைக்கு மேல வெயில். பையைத் தொட்டுப் பார்த்தா சுடுது. பெட்டிக்குள்ள ஐஸ் சும்மாதான் கிடக்கு. ரெண்டு ஐஸ் பையை எடுத்து அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு வச்சேன். ஜன்னலுக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டேன். அவ திட்டுவான்னு."

"கூடாதுன்னு தெரியும்ல?" என்றார் டாக்டரம்மா.

"தெரியும். வேற யாரு ரத்தம்னாலும் சொன்னபடிதான் செஞ்சிருப்பேன். சுட்டாலும் சரி, கொதிச்சாலும் சரின்னு கொண்டுவந்து கொடுத்திருப்பேன்." இப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "இது இவரோடதாச்சே டாக்டர். வெயில்ல வச்சுக்கிட்டு எப்படி நிப்பேன்?"

 அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்குத்தான் வந்தது, கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய பெயரை, அந்த நாற்காலியில் உட்கார்ந்து தானே போட்டு உடைத்துவிட்டாள். அதைவிடப் பெரிய காரியத்தை அவள் செய்து நான் பார்த்ததில்லை.

"வீட்டுல வச்சு திட்டிக்கிறேன்" என்றார் அவர். வாழ்க்கையில் அவர் அவளைத் திட்டியதே கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐஸ் வச்சீங்கங்கறதால நோய் இல்லன்னு அர்த்தம் ஆயிடாது. இந்தச் சோதனை செல்லாது, அவ்வளவுதான். திரும்ப எடுத்துப் பார்ப்போம். அதுக்கப்புறம்தான் எலும்பு ஊசி வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணணும். ஆனா இந்தத் தடவை வேற யாராவது கொண்டுபோகட்டும்."

"ஆமா டாக்டர். வேற யாராவது போகட்டும்" என்று அவளும் உடனே ஒப்புக்கொண்டாள்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இவதான் கொண்டுபோகணும். இவ அந்தத் தப்பைச் செஞ்சு முடிச்சுட்டா. புதுசா வர்றவன் இனிமேதான் செய்யணும்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ரத்தம் எடுக்க ஆள் கூப்பிட்டார்.

அன்று ஸ்கூட்டரை ஓட்டியவர் அவர். பெட்டியைக் கிளினிக்கிலேயே வைத்துவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். குழாயைத் துணிப்பையில்கூட வைக்கவில்லை, இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பின்னாலேயே ஆட்டோவில் வந்த நான் வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சிக்னலில் நின்றபோது வெயில் அவள் கை மேல் விழுந்தது. அவள் உடம்பு ஒருமுறை அசைந்தது, கை அசையவில்லை. லேபுக்கு வந்ததும் நான் ஓடி ஜன்னலுக்குப் பின்னால் போய் நின்றேன். குழாய் கைக்கு வந்தபோது ஒரு ஆள் மாதிரி வெதுவெதுவென்று இருந்தது.

"வழியில எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்பதற்கே பயமாக இருந்தது.

"சரியா இருந்துச்சு. அவர்கிட்ட வேணும்னா கேட்டுக்கோ" என்றாள்.

மறுநாள் காலை சூட்டுப் பெட்டியைத் திறந்து குழாய்களை மெஷினில் ஏற்றிவிட்டு நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. முதல் குழாய் சும்மா இருந்தது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாவது நன்றாகக் கத்தியிருந்தது, ரத்தம் விழிப்போடுதான் வந்திருக்கிறது. இரண்டாவதின் எண் திரையில் வருவதற்குள் நான் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுவிட்டேன். வந்தது. தவறாகப் பார்த்துவிட்டேனோ என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் எண்ணைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எலும்பு ஊசி வேண்டாம். சளிக்காய்ச்சலுக்கு மருந்து தரேன், அதையும் கவனிச்சுக்கிட்டு இருப்போம். அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குக் கொண்டுவர எதுவும் இல்லை, காலிப் பெட்டியோடு வந்திருந்தாள். ஹெல்மெட் தலையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"கத்துச்சா?"

"ஊரையே கூட்டுற மாதிரி கத்துச்சு. அவர் உடம்பு ஜெயிச்சிடுச்சு பெட்டி. பாட்டிலும் வேண்டாம், ஊசியும் வேண்டாம்."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி நடந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்கள் வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

நீலப் பெட்டி நட்டநடு வெயிலில் ஸ்கூட்டர் பக்கத்தில் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அதை அப்படி நான் பார்த்ததே இல்லை. நிழலுக்கு எடுத்துவைக்கலாம் என்று வெளியே போய்க் கைப்பிடியில் கை வைத்தேன், சுட்டது.

"விடு ஜன்னல். கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்றாள்.